"சார், இதுவும் ஆஸ்பெஸ்டாஸ் மாதிரிதானா?"

1986-ஆம் வருடம். அனல் மின் நிலையம் ஒன்றில் பாய்லர் பராமரிப்பில் இருந்தேன். நீராவிக் குழாய்களுக்கு ராக் வூல் சுற்றுவதை லாகிங் என்போம். அந்த வேலை நடந்த நாளில் குளித்த பிறகும் கழுத்தெல்லாம் அரிக்கும்.

முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு லாகிங் செய்த காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர்தான் மேலே உள்ள கேள்வியைக் கேட்டார். "அதெல்லாம் இல்லப்பா, இது கல்லை உருக்கி இழுத்த நூல். ஒன்றும் செய்யாது" என்றேன், தெரிந்தவன் போல.

ஓய்வு பெற்ற பின் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அன்று நிபுணர்களிடமே தெளிவான விடை இல்லை. 1972-இல் அமெரிக்காவில் ஸ்டான்டன் என்பவர் எலிகளின் நுரையீரல் உறையில் பலவகை நார்களை வைத்துப் பார்த்தார். எதில் செய்தது என்பதைவிட, நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதே கட்டிக்குக் காரணம் என்று தெரிந்தது. 1988-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கண்ணாடி வூல், ராக் வூல், ஸ்லாக் வூல், செராமிக் நார் நான்கையும் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் வைத்தது.

பிறகுதான் வேதியியல் உள்ளே வந்தது. நுரையீரலில் தூசியை விழுங்கி அகற்றும் செல்களால், சுமார் 20 மைக்ரானுக்கு மேல் நீளமான நாரை முழுதாக விழுங்க முடியாது. நார் கரைந்து துண்டானால் விழுங்கிவிடும். சோடியம், கால்சியம், மெக்னீசியம் போன்றவற்றின் ஆக்சைடுகள் கூடினால் நார் பொதுவாக எளிதில் கரையும். 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதையே சட்டமாக்கியது. இந்த ஆக்சைடுகள் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குறைந்த அபாயப் பிரிவு. அதிலும், எலிகள் சுவாசித்த நீண்ட நார்களில் பாதி 10 நாளுக்குள் மறைந்தால் புற்றுநோய் முத்திரையே தேவையில்லை. ஆஸ்பெஸ்டாஸில் நீலம், பழுப்பு வகைகள் வருடக்கணக்கில் அப்படியே தங்கும்.

2001-இல் நடந்த மறு ஆய்வில் வெப்பக் காப்புக்குப் பயன்படும் மற்ற மூன்று வூல்களும் 2பி-யிலிருந்து இறங்கின. தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வுகளும் அதற்கு ஒரு காரணம். எளிதில் கரையாத செராமிக் நார் 2பி-யிலேயே நின்றது.

அந்தத் தொழிலாளி பாய்லர் கதவுகளுக்குச் செராமிக் நாரும் வைத்தார். என் 'ஒன்றும் செய்யாது' அதற்கும் சேர்த்துத்தான். ராக் வூல் விஷயத்தில் நான் சொன்னது ஏறக்குறைய சரியாகிப் போனது என் அறிவால் அல்ல. "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை மாஸ்க் போடு" என்று சொல்லியிருக்க வேண்டும்.