கனடாவில் நிரந்தர வதிவுரிமை

கனடாவில் நிரந்தர வதிவுரிமை என்பது, கனடாவின் குடிமகன் அல்லாத ஒருவர் அந்நாட்டில் கால வரையறையின்றி வாழவும், தொழில் செய்யவும், கல்வி கற்கவும் வழங்கப்படும் சட்ட நிலை ஆகும். இந்நிலையைப் பெற்றவர் நிரந்தர வதிவாளர் எனப்படுவார். பேச்சு வழக்கில் இது பி.ஆர். எனச் சுருக்கி அழைக்கப்படுகின்றது. முன்னர் இத்தகையோர் லாண்டட் இமிகிரன்ட் என்று அழைக்கப்பட்டனர். இதனாலேயே வதிவுரிமை பெறும் நாளை லாண்டிங் என்று குறிப்பிடும் வழக்கம் இன்றும் உள்ளது.

நிரந்தர வதிவுரிமை குடியுரிமை அன்று. நிரந்தர வதிவாளர் தமது சொந்த நாட்டின் கடவுச்சீட்டையே தொடர்ந்து பயன்படுத்துவார். குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்கு இது முதற்படியாக அமைகின்றது.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கனடாவின் குடிவரவுக் கொள்கை இன அடிப்படையில் அமைந்திருந்தது. 1908 இல் கொண்டுவரப்பட்ட விதி ஒன்று, பிறந்த நாட்டில் இருந்து இடைநிற்காமல் நேரடியாகப் பயணம் செய்து வருவோரையே ஏற்றது. இந்தியாவில் இருந்து அவ்வாறு வருவது நடைமுறையில் இயலாததாக இருந்தது. 1914 இல் 376 பயணிகளுடன் வன்கூவர் துறைமுகத்தை அடைந்த கோமகாட்டா மாரு கப்பலில் இருந்த பெரும்பாலானோர் இறங்க அனுமதிக்கப்படவில்லை. 1923 ஆம் ஆண்டுச் சட்டம் சீனர்களின் குடிவரவை ஏறத்தாழ முற்றாகத் தடுத்தது. அது 1947 இல் நீக்கப்பட்டது.

1962 இல் வெளியான ஒழுங்குவிதிகள் இனப் பாகுபாட்டைப் பெருமளவு நீக்கின. 1967 இல் புள்ளி முறை அறிமுகமானது. கல்வி, மொழி, வயது, தொழில் போன்றவற்றுக்குப் புள்ளிகள் வழங்கி, 100 இற்கு 50 பெற்றோரைத் தெரிவு செய்தது இம்முறை. விண்ணப்பதாரர் எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதை விட, அவரது தகுதி என்ன என்பது முதன்மை பெற்றது. பிற்காலத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளும் புள்ளி முறையைக் கைக்கொண்டன.

1976 இல் இயற்றப்பட்டு 1978 இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், அகதிகளைத் தனி வகுப்பாக ஏற்றது. தற்போதைய அடிப்படைச் சட்டமான குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் 2001 இல் நிறைவேற்றப்பட்டு, 2002 ஜூன் 28 இல் நடைமுறைக்கு வந்தது. நிரந்தர வதிவாளர் அட்டையும் அவ்வாண்டிலேயே அறிமுகமானது.

வகைகள்

நிரந்தர வதிவுரிமை பெறும் வழிகளைப் பின்வருமாறு பிரிக்கலாம்.

1. பொருளாதார வகுப்பு: திறன்சார் தொழிலாளர், கைவினைத் தொழிலாளர், கனடாவில் தொழில் அனுபவம் பெற்றோர், மாகாணங்களால் முன்மொழியப்படுவோர்.
2. குடும்ப வகுப்பு: கனடாவில் வாழும் உறவினரால் பொறுப்பேற்கப்படும் வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், பெற்றோர் முதலியோர்.
3. அகதிகளும் பாதுகாக்கப்பட்ட நபர்களும்.
4. மனிதாபிமான மற்றும் இரக்க அடிப்படையில் ஏற்கப்படுவோர்.

கியூபெக் மாகாணம் 1991 இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பொருளாதார வகுப்பில் தனது குடிவரவாளர்களைத் தானே தெரிவு செய்கின்றது. அங்கு பிரெஞ்சு மொழி அறிவுக்கு முதன்மை அளிக்கப்படுகின்றது. எனினும் வதிவுரிமையை வழங்கும் இறுதி அதிகாரம் நடுவண் அரசிடமே உள்ளது.

திறன்சார் தொழிலாளர் புள்ளி முறை

நடுவண் திறன்சார் தொழிலாளர் திட்டத்தில் தகுதி பெற 100 இற்கு 67 புள்ளிகள் தேவை. அவற்றின் பங்கீடு வருமாறு:

- மொழி: 28
- கல்வி: 25
- தொழில் அனுபவம்: 15
- வயது: 12
- உறுதி செய்யப்பட்ட வேலை: 10
- இசைந்து வாழும் தகுதி: 10

18 முதல் 35 வரையான வயதினருக்கு 12 புள்ளிகள் முழுமையாகக் கிடைக்கும். அதன் பின்னர் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு புள்ளி குறையும். 47 வயதில் எதுவும் கிடைக்காது.

எடுத்துக்காட்டாக, 37 வயதுடைய, நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டமும் ஆறு ஆண்டு அனுபவமும் கொண்ட பொறியாளர் ஒருவரைக் கொள்வோம். வயதுக்கு 10, கல்விக்கு 21, அனுபவத்துக்கு 15 புள்ளிகள் கிடைக்கும். ஆங்கிலத்தில் நான்கு திறன்களிலும் கனடிய மொழி அளவுகோலின் 8 ஆம் நிலையை அவர் அடைந்தால் 20 புள்ளிகள் கிடைக்கும். கூட்டுத்தொகை 66. ஒரு புள்ளி குறைவதால் அவர் தகுதி பெறமாட்டார். அதே பொறியாளர் மொழித் தேர்வை மீண்டும் எழுதி 9 ஆம் நிலையை அடைந்தால் மொத்தம் 70 ஆகும். அல்லது அவருடன் வரும் வாழ்க்கைத் துணை மொழித் தேர்வு எழுதி 4 ஆம் நிலையை அடைந்தால், இசைந்து வாழும் தகுதியில் 5 புள்ளிகள் சேர்ந்து மொத்தம் 71 ஆகும். துணையின் மொழித் தேர்வைப் பலர் கருத்தில் கொள்வதில்லை என்பதால் இது அறிந்துகொள்ளத்தக்கது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி

2015 ஜனவரி 1 வரை விண்ணப்பங்கள் பொதுவாக வந்த வரிசையில் பரிசீலிக்கப்பட்டன. இதனால் பெருந்தேக்கம் ஏற்பட்டது. 2012 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் மூலம், 2008 பெப்ரவரி 27 இற்கு முன்னர் அளிக்கப்பட்டு முடிவு எட்டப்படாதிருந்த திறன்சார் தொழிலாளர் விண்ணப்பங்கள் இரத்துச் செய்யப்பட்டு, கட்டணம் திருப்பி அளிக்கப்பட்டது. ஏறத்தாழ 280,000 பேர் இதனால் பாதிக்கப்பட்டனர். பல ஆண்டுகள் காத்திருந்தோருக்கு, அக்காலத்தில் கூடிய வயது புதிய விண்ணப்பத்தில் புள்ளி இழப்பாக மாறியது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் தகுதியுள்ளோர் முதலில் தமது விவரங்களை இணையத்தில் பதிகின்றனர். 67 புள்ளிகள் இதற்கான நுழைவாயில் மட்டுமே. பின்னர் ஒவ்வொருவருக்கும் 1,200 இற்கு ஒரு தரவரிசைப் புள்ளி கணிக்கப்படுகின்றது. அவ்வப்போது நடைபெறும் சுற்றுகளில் உயர்ந்த புள்ளி பெற்றோருக்கு விண்ணப்பிக்க அழைப்பு அனுப்பப்படுகின்றது. மாகாண முன்மொழிவு பெற்றவருக்கு 600 புள்ளிகள் கூடுதலாகக் கிடைப்பதால், அவருக்கு அழைப்பு ஏறத்தாழ உறுதியாகும். வேலை வாய்ப்புக் கடிதத்துக்கு வழங்கப்பட்டு வந்த கூடுதல் தரவரிசைப் புள்ளிகள் 2025 மார்ச்சில் நீக்கப்பட்டன.

விண்ணப்பிக்கும் முறை

1. மொழித் தேர்வு: ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் பொதுப்பயிற்சிப் பிரிவு, செல்பிப் முதலியனவும், பிரெஞ்சுக்கு டெஃப், டிசிஎஃப் ஆகியனவும் ஏற்கப்படுகின்றன. பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும்.
2. கல்விச் சான்று மதிப்பீடு: வெளிநாட்டுப் பட்டம் கனடியப் பட்டம் ஒன்றுக்கு இணையானதா என்பதை ஏற்பு பெற்ற நிறுவனம் ஒன்று மதிப்பிடும். இது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.
3. விவரப் பதிவு: இப்பதிவு 12 மாதங்களுக்குச் செல்லும்.
4. அழைப்பும் முழு விண்ணப்பமும்: அழைப்புக் கிடைத்து 60 நாட்களுக்குள் எல்லா ஆவணங்களுடனும் விண்ணப்பம் அளிக்கப்படவேண்டும்.
5. காவல்துறைச் சான்று: கடந்த பத்து ஆண்டுகளில், 18 வயதுக்குப் பின்னர், ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு நாட்டில் இருந்தும் பெறவேண்டும். வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியோர் இதனை முன்கூட்டியே பெற்றுக்கொள்வது நல்லது.
6. மருத்துவப் பரிசோதனையும் கைரேகைப் பதிவும்.
7. உறுதிப்படுத்தல்: விண்ணப்பம் ஏற்கப்பட்டால் நிரந்தர வதிவுரிமை உறுதிப்படுத்தல் ஆவணம் வழங்கப்படும்.

வதிவுரிமைக் கட்டணம் 1995 இல் 975 டொலராக அறிமுகமானது. 2000 இல் அகதிகளுக்கு இது நீக்கப்பட்டது. 2006 இல் 490 டொலராகக் குறைக்கப்பட்டுப் பின்னர் படிப்படியாக உயர்ந்து, 2024 ஏப்ரலில் 575 டொலரானது. விண்ணப்பப் பரிசீலனைக் கட்டணம் இதில் அடங்காது.

தமிழர் பெயர் முறை விண்ணப்பத்தில் குழப்பம் ஏற்படுத்துவதுண்டு. குடும்பப் பெயர் இன்றி, தந்தை பெயரின் முதலெழுத்துடன் எழுதப்படும் பெயர், கடவுச்சீட்டில் விரித்தும் பட்டச் சான்றிதழில் சுருக்கியும் காணப்படலாம். விண்ணப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதி, வேறுபாட்டை விளக்கும் கடிதத்தை இணைப்பது வழக்கம். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாதவிடத்து, இடப்பட்ட பெயரே குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதப்படுகின்றது.

குடும்பத்தினரை அறிவித்தல்

முதன்மை விண்ணப்பதாரர், தம்முடன் வராதவர் உட்பட, வாழ்க்கைத் துணையையும் சார்ந்திருக்கும் பிள்ளைகள் அனைவரையும் விண்ணப்பத்தில் அறிவிக்கவேண்டும். அவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கும் உட்படவேண்டும். அவ்வாறு அறிவிக்கப்படாதவரைப் பின்னர் குடும்ப வகுப்பில் பொறுப்பேற்க இயலாது என ஒழுங்குவிதி 117(9)(ஈ) கூறுகின்றது. விண்ணப்பித்த பின்னர் நடந்த திருமணமோ பிறந்த குழந்தையோ வதிவுரிமை பெறும் நாளுக்கு முன்னர் அறிவிக்கப்படாவிடினும் இவ்விதி பொருந்தும். மணமாகாதவர் என விண்ணப்பித்து, காத்திருக்கும் காலத்தில் ஊரில் திருமணம் செய்து, அதனை அறிவிக்காமல் கனடாவில் இறங்கிய ஒருவர், தமது மனைவியை அழைக்க முடியாமற் போகலாம். மனிதாபிமான அடிப்படையில் விலக்குக் கோருவதே பெரும்பாலும் எஞ்சும் வழி. 2019 இல் தொடங்கிய பொதுக் கொள்கை ஒன்று இவ்வாறு விடுபட்ட சிலருக்கு விலக்கு அளித்தது.

பிள்ளையின் வயதும் முதன்மையானது. பொதுவாக 22 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளையே சார்ந்திருப்பவராகக் கொள்ளப்படுகின்றார். 2014 ஆகஸ்ட்டில் இது 19 வயதுக்குட்பட்டோர் எனக் குறைக்கப்பட்டு, 2017 அக்டோபரில் மீண்டும் 22 ஆக்கப்பட்டது.

வாழ்க்கைத் துணையைப் பொறுப்பேற்பவர் மூன்று ஆண்டுகளுக்கு அவரது அடிப்படைத் தேவைகளுக்கு உறுதி அளிக்கவேண்டும். கியூபெக் தவிர்ந்த பகுதிகளில் பெற்றோருக்கு இக்காலம் 20 ஆண்டுகள். மணமுறிவு ஏற்பட்டாலும் இவ்வுறுதி நீங்காது. பெற்றோரை அழைக்க விரும்புவோர் மிகப் பலர் என்பதால் குலுக்கல் முறை பின்பற்றப்பட்டது. 2020 இல் விருப்பம் தெரிவித்தோரில் இருந்தே அடுத்து வந்த ஆண்டுகளிலும் அழைப்புகள் அனுப்பப்பட்டன.

அகதிகளும் தமிழர்களும்

1985 இல் கனடிய உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் அளித்த தீர்ப்பு, அகதிக் கோரிக்கையாளருக்குத் தமது வழக்கை நேரில் எடுத்துரைக்கும் உரிமையை உறுதி செய்தது. இதன் விளைவாகக் குடிவரவு மற்றும் அகதிகள் சபை 1989 ஜனவரியில் நிறுவப்பட்டது. அகதியாக ஏற்கப்பட்டவர் பாதுகாக்கப்பட்ட நபர் என்ற நிலையைப் பெற்று, நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

1983 கலவரங்களுக்குப் பின்னர் கனடாவுக்கு வந்த இலங்கைத் தமிழருள் பெருந்தொகையானோர் இவ்வழியிலேயே வதிவுரிமை பெற்றனர். 1986 ஆகஸ்ட்டில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டனர். அவர்களுக்கு நாட்டில் தங்கி வேலை செய்ய அனுமதி வழங்கப்பட்டது. முன்னர் வந்தோர் பின்னர் தமது குடும்பத்தினரைப் பொறுப்பேற்று அழைத்தமையால், ரொறன்ரோ பெரும்பாகம் தமிழர் செறிந்து வாழும் பகுதியாக வளர்ந்தது.

உரிமைகளும் வரையறைகளும்

நிரந்தர வதிவாளர் கனடாவின் எந்த மாகாணத்திலும் வாழலாம், தொழில் செய்யலாம். பொது மருத்துவக் காப்புறுதி உள்ளிட்ட பெரும்பாலான சமூக நலன்கள் அவருக்கு உண்டு. நடுவண் தேர்தலில் வாக்களிக்கவோ போட்டியிடவோ முடியாது. உயர் பாதுகாப்புத் தகுதி தேவைப்படும் சில பதவிகளையும் வகிக்க முடியாது.

வதிவுரிமை, தொழில் உரிமம் அன்று. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் மாகாண ஒழுங்குமுறை அமைப்பிடம் தனியே உரிமம் பெறவேண்டும். குடிவரவில் புள்ளி பெற்றுத் தந்த பட்டம் தொழிற்களத்தில் ஏற்கப்படாமை நீண்டகாலக் குறைபாடாகச் சுட்டப்படுகின்றது. ஒன்ராறியோவின் பொறியாளர் அமைப்பு, உரிமம் பெறக் கனடிய அனுபவம் வேண்டும் என்ற விதியை 2023 இல் நீக்கியது.

வதிவுக் கடப்பாடு

ஒவ்வோர் ஐந்தாண்டுக் காலத்திலும் குறைந்தது 730 நாட்கள் கனடாவில் இருத்தல் வேண்டும். அவை தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. கனடியக் குடிமகனான வாழ்க்கைத் துணையுடன் வெளிநாட்டில் வாழும் நாட்களும், கனடிய நிறுவனத்தால் முழுநேரப் பணிக்கு வெளிநாடு அனுப்பப்பட்ட நாட்களும் இக்கணக்கில் சேரும்.

வதிவாளர் அட்டை பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அட்டை காலாவதியாவதால் வதிவுரிமை இழக்கப்படுவதில்லை. 730 நாட்கள் நிறைவடையாவிடினும், அதிகாரி முடிவு செய்து, மேல்முறையீட்டுக் காலமும் முடியும் வரை அந்நிலை நீடிக்கும். வெளிநாட்டில் இருக்கும்போது அட்டை காலாவதியானால், பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

வதிவுரிமையை இழத்தல்

தவறான தகவல் அளித்தமை நிறுவப்பட்டால் வதிவுரிமை பறிக்கப்படுவதுடன், ஐந்து ஆண்டுகளுக்கு நாட்டினுள் வர இயலாது. விண்ணப்பத்தை முகவர் நிரப்பியிருந்தாலும், அதிலுள்ள தகவலுக்கு விண்ணப்பதாரரே பொறுப்பு. கடுங்குற்றத்துக்குக் கனடாவில் ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர், 2013 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, நாடு கடத்தும் ஆணைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய இயலாது. சிறு வயதில் வந்து, குடியுரிமை பெறாமலேயே வளர்ந்தோரும் இதில் அடங்குவர்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க, முந்தைய ஐந்து ஆண்டுகளில் 1,095 நாட்கள் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். குடியுரிமை பெற்றவுடன் நிரந்தர வதிவாளர் நிலையும், அதனோடு வதிவுக் கடப்பாடும் முடிவுக்கு வருகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- கனடாவின் குடியுரிமை
- கனடாவில் தமிழர்
- கோமகாட்டா மாரு
- அகதி