கோலாரைட்

கோலாரைட், டெலூரியம் கொண்ட மிக அரிய கனிமங்களுள் ஒன்று. ஓர் ஈய அணுவுக்கு ஒரு டெலூரியமும் இரண்டு குளோரினும் என்பது இதன் சேர்மானம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், சாம்பியன் தாதுப் படலத்திலிருந்து எடுத்த மாதிரிகளில் கண்டறியப்பட்டது. அதனுடன் ராதாகிருஷ்ணைட் என்ற இன்னொரு புதுக் கனிமமும் கிடைத்தது. அதில் ஓர் ஈயத்துக்கு மூன்று டெலூரியம். குளோரினோடு சிறிது கந்தகமும் உண்டு.

1782இல் திரான்சில்வேனியத் தங்கத் தாதுவை ஆராய்ந்த கனிமவியலாளர் முல்லர், அதில் அறியப்படாத ஓர் உலோகம் இருப்பதை உணர்ந்தார். 1798இல் வேதியியலாளர் கிளாப்ராத் அதற்கு டெலூரியம் என்று பெயரிட்டார். தங்கம் விளையும் பாறைகளில் இத்தனிமம் பெரும்பாலும் உலோகங்களோடுதான் கூடும். ஈயத்தோடு கூடினால் ஆல்டைட், வெள்ளியோடு கூடினால் ஹெஸ்ஸைட். ஆல்டைட்டின் படிகம் சமையல் உப்பின் கனசதுரக் கட்டமைப்பைக் கொண்டது. ஒவ்வோர் ஈய அணுவையும் ஆறு டெலூரிய அணுக்கள் சூழ்ந்திருக்கும். செயற்கையாகச் செய்த இதே ஈய டெலூரைடுதான் செவ்வாயில் இயங்கும் கியூரியாசிட்டி ஊர்தியில் வெப்பத்தை மின்சாரமாக்கும் பொருள்களில் ஒன்று.

கோலார்க் கனிமங்களில் குளோரினும் புகுந்ததும் அந்தக் கனசதுர ஒழுங்கு மறைகிறது. கோலாரைட்டில் மூன்று அச்சுகளும் செங்குத்தாக இருந்தாலும் நீளத்தில் மூன்றும் வெவ்வேறு. ராதாகிருஷ்ணைட்டில் இரண்டு அச்சுகள் சமம், மூன்றாவது வேறு. டெலூரியமும் குளோரினும் ஒரே படிகத்தில் சேர்வது இயற்கையில் மிக அபூர்வம் என்பதே இந்தக் கண்டுபிடிப்பின் தனிச்சிறப்பு.

இக்கனிமங்கள் கிடைத்த கோலார் தங்கவயல், 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் தோண்டிய சுரங்கம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பின்னாளில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தின் வெப்பத்தில் பாறையை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். இக்கனிமத்தின் வரலாற்றில் அந்த உழைப்பாளிகளுக்கும் இடம் உண்டு. அவர்கள் வெட்டிய ஆழங்கள் இல்லாமல் கனிமவியலாருக்கு அந்தப் பாறை எட்டியிருக்காது.

இரு கனிமங்களும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்களாக இருந்ததால், எலெக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவி வந்த பிறகே இவற்றைப் பிரித்தறிய முடிந்தது. கென்கின் உள்ளிட்ட சோவியத் ஆய்வாளர்களும் வாசுதேவ், கிருஷ்ண ராவ் ஆகியோரும் 1985இல் இரு கனிமங்களையும் கனடாவின் கனிமவியல் ஆய்விதழில் அறிவித்தனர். ஒன்று ஊரின் பெயரைப் பெற்றது. மற்றது, இந்திய நிலவியல் கழகத்தை வளர்த்தெடுத்த பி.பி. ராதாகிருஷ்ணாவின் பெயரைப் பெற்றது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.