புல்லைத் தேடி லண்டனுக்கு

நான் லண்டன்ல படிக்கிறது இயல்தாவர மீட்புன்னு சொன்னா, 'எத்தனை மரம் நட்டே?'ன்னுதான் கேக்கறாங்க. நீலகிரி வரலாறு தெரிஞ்சா அந்தக் கேள்வி வராது மக்களே.

அங்கே உச்சிப் பகுதியில் சோலை மரங்கள் பள்ளங்களில்தான். மேட்டுச் சரிவெல்லாம் புல்வெளி. காட்டை வெட்டியதால் வந்த புல் இல்லை, பல ஆயிரம் வருஷமா இருக்கிறது. வெள்ளைக்காரன் கணக்குல அது தரிசு. 1840கள்ல ஊட்டி விறகுத் தட்டுப்பாட்டுக்காக ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ், சீகை மரங்களை நட ஆரம்பிச்சாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் நாமளும் விடலை: தோல் பதனிட சீகைப்பட்டை, ரேயானுக்கு யூகலிப்டஸ் கூழ்னு புல்வெளி மேலேயே நட்டோம்.

இப்போ சீகையை வெட்டினா மட்டும் போதாது. முன்னாடி அங்கே என்ன முளைச்சுதுன்னு தெரியணும். அதுக்கான சாட்சியில ஒரு பங்கு இங்கே கியூ தோட்டத்துல இருக்கு. கம்பெனி மருத்துவர் ராபர்ட் வைட் சேகரிச்ச காய்ந்த செடிகள் இங்கே உண்டு. அவருக்குப் படம் வரைஞ்சு கொடுத்தவங்க ரங்கையா, கோவிந்துன்னு தென்னிந்திய ஓவியர்கள். அப்புறம் காம்பிள் 1915ல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூல். 1925ல் அவர் இறந்ததும் ஃபிஷர் முடிச்சு வெச்சார். புல்வெளியைத் தரிசுன்னு எழுதின அதே ஆட்சிக் காலத்துலதான் அந்தப் புல்லுக்குப் பேரும் எழுதியிருக்காங்க!

அதனால, ஊட்டிப் பக்கம் யாராவது மரம் நடக் கூப்பிட்டா, 'இங்கே முன்னாடி என்ன இருந்துச்சு?'ன்னு கேட்டுட்டுப் போங்க.