வெடிலும் பெடிலும்: ஒரு கருமருந்துத் துப்பாக்கி சொல்லும் வரலாறு

தமிழில் ‘வெடிமருந்து’ என்கிறோம். மலாய் மொழியினர் அதனை ‘ஊபாட் பெடில்’ என்பர். ‘ஊபாட்’ மருந்து; ‘பெடில்’ துப்பாக்கி. உயிர் காக்கும் பொருளின் பெயரை உயிர் போக்கும் பொடிக்கு இட்டு வழங்குவதில் இரு மொழியும் ஒத்து நிற்கின்றன. அதுமட்டுமன்று, ‘பெடில்’ என்னும் சொல்லே, வெடித்தலைக் குறிக்கும் ‘வெடில்’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபு என்று சொல்லாய்வாளர் கருதுவர். வண்ணாரை ‘பெனாரா’ என்று வழங்கிய மொழியில், வகரம் பகரமாதல் வியப்பன்று.

வேறொன்றையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். ‘துப்பாக்கி’ துருக்கி மொழி வழி வந்தது. ‘பீரங்கி’ ஐரோப்பியரைக் குறித்த ‘பிரங்கி’ என்பதன் வழி வந்தது. கருவிகளின் பெயர் கடன்; வெடி, வெடியுப்பு, வெடிமருந்து என்பனவோ நம் சொற்கள். கருவியைப் பிறரிடம் பெற்ற மக்கள், அதன் உள்ளிருக்கும் ஆற்றலுக்குத் தாமே பெயரிட்டனர்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றின் கலவை. நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம் என்பது பிற்காலத்தில் நிலைபெற்ற அளவு. எரிந்தபின் இதில் பாதிக்கு மேல் திண்பொருளாய் எஞ்சும். அதுவே வெண்புகையாய் எழுந்து கண்ணை மறைக்கும், கரியாய்ப் படிந்து குழலை அடைக்கும். 1884இல் பிரெஞ்சு நாட்டு வியேய் புகையிலா மருந்தைக் கண்டறியும் வரை உலகின் போர்கள் இப்புகைக்குள்ளேயே நிகழ்ந்தன. 1511இல் மலாக்கா வீழ்ந்ததும், 1799இல் கட்டபொம்மன் போரிட்டதும் இக்கருமருந்தின் காலத்தில்தான்.

திரியால் தீயிட்ட காலமும், சக்கிமுக்கிக் கல்லால் பொறி எழுப்பிய காலமும் நெடியன. ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டையில் விருப்புடையவர். கல்லில் எழும் பொறியைக் கண்டு பறவைகள் பறந்துவிடுவதை அவர் கண்டார். தட்டினால் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு தீமூட்டும் முறைக்கு 1807இல் உரிமை பெற்றார். அதிலிருந்தே செப்புக் குல்லாய் போன்ற ‘கேப்பு’ தோன்றியது. கேப்பு இருந்தமையால் சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் தம் சுழல் துப்பாக்கிக்கு உரிமை பெற முடிந்தது. 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் அதனை வைத்தார். 1853இல் அந்நகரிலேயே தொழிற்சாலையும் திறந்தார்.

பேராக்கின் வரலாறும் இதனை அடுத்துத் தொடங்குகிறது. லாருட்டில் ஈயச் சுரங்கங்களுக்காக 1861 முதல் பூசல்கள் மூண்டன. 1873இல் கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து படைவீரரைத் திரட்டி வந்தார். 1874 சனவரியில் பங்கோர் உடன்படிக்கை. 1875 நவம்பர் 2இல் பாசிர் சாலாக்கில் முதல் ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டார். அவரை வீழ்த்தியது துப்பாக்கியன்று, ஈட்டி என்பது கருதத்தக்கது. துப்பாக்கி வந்தவுடன் பழைய படைக்கலம் மறைந்துவிடவில்லை.

அக்காலக் கருவிகள் எவ்வாறு இயங்கின என்பதை அறிய இன்று ஒரு வழி உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் வரவிருந்த நிலையில், 1950களின் பிற்பகுதியில் இத்தாலி நாட்டுக் கர்தோனே ஊரில் கோல்ட் துப்பாக்கியின் படியுருக்கள் செய்யத் தொடங்கினர். அவ்வூரிலேயே அரசுச் சோதனைச் சாலை உள்ளது. வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டுச் சுட்டு, பிளவாமல் நின்ற துப்பாக்கியிலேயே முத்திரை பொறிப்பர். இம்முறை பழமையானது; இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637இல் அரசப் பட்டயம் பெற்றது. பொன்னுக்கு உரைகல் எப்படியோ, குழலுக்குச் சோதனை அப்படி.

முத்திரை பெற்றதனாலேயே கருவி செம்மையாகிவிடாது. புதிய படியுருவில் உலோகப் பிசிறுகள் இருக்கும். வில் மிக இறுக்கமாயிருக்கும். சுத்தியை இழுக்கும்போது உருளையின் அறை குழலுக்கு நேரே வந்து நிற்றல் வேண்டும். மயிரிழை பிசகினும் குண்டு விளிம்பில் உரசிச் சிதறும். கேப்பு தளர்ந்தால் கழன்று பொறியில் சிக்கும். இறுகினால் முதல் அடியில் வெடிக்காது. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவினால் பல குண்டுகள் ஒருங்கே வெடிக்கும். சுட்டுப் பார்ப்போர் வேறொன்றும் காண்பர்: அண்மையிலுள்ள இலக்கில் குண்டு குறிக்கு மேலே படும். சுடுவதும் தேய்ப்பதும் மீண்டும் சுடுவதுமாகவே கருவி திருந்தும். மலேசியாவில் 1960, 1971ஆம் ஆண்டுச் சட்டங்கள் துப்பாக்கியைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால் இத்தகைய சோதனைகளை நாம் ஏடுகளில்தான் அறிய இயலும். அதுவே முறையும் ஆம்.

இச்சோதனை நம் வரலாற்றின் ஒரு வினாவுக்கு விடை தருகிறது. தமிழ்க் கொல்லர் திறமற்றவரல்லர். இரகுநாத நாயக்கர் காலத்தில், அடித்துப் பற்றவைத்த இரும்பால் ஏறத்தாழ 25 அடி நீளத்தில் செய்த பீரங்கி இன்றும் தஞ்சையில் கிடக்கிறது. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். அங்ஙனமாயின், கேப்பும் சுழல் உருளையும் தோன்றிய காலத்தில் அக்கைத்தொழில் ஏன் உடன் வளரவில்லை?

மருது சகோதரர் வீழ்ந்தபின், 1801 டிசம்பர் 1இல் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை விடுத்துப் பாளையக்காரர் நாட்டில் படைக்கலங்களைத் தடுத்தார். 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குள் கட்டியது, ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. சுட்டுப் பார்க்க இயலாத கொல்லன் துப்பாக்கியைத் திருத்த இயலாது. சோதனை நின்ற இடத்தில் தொழிலும் நின்றது. குறை அறிவில் அன்று, அறிவை உரைத்துப் பார்க்கும் உரிமையில் என்பதே இதன் பொருள்.

பேராக்கின் தோட்டங்களில் ரப்பர் வெட்ட வந்த தமிழர், இவ்வாறு படைக்கலம் பறிக்கப்பட்ட நாட்டிலிருந்தே வந்தனர். அடங்கி நடப்பது அவர்தம் பிறவிக்குணம் என்று கூறுவோர் இவ்விரு ஆண்டுகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வகுப்பறையில் கட்டபொம்மனைக் கற்பிக்கும் ஆசிரியர், 1799உடன் பாடத்தை முடிக்காமல் 1801ஐயும் 1878ஐயும் சேர்த்துச் சொல்வாராக. கருவி போயிற்று, தொழில் போயிற்று. கடல் கடந்த ‘வெடில்’ மட்டும், அண்டை மொழியின் நாவில் ‘பெடில்’ என்று இன்றும் வாழ்கிறது.