குடுவையிலிருந்து மண்ணுக்கு: அமெரிக்க செஸ்ட்நட் மரத்தை மீட்கும் முயற்சி

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஓங்கி நின்ற செஸ்ட்நட் மரங்கள், ஒரு பூஞ்சண நோயினால் அரை நூற்றாண்டுக்குள் ஏறக்குறைய முற்றாக அழிந்துபோயின. 1904ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் விலங்கியல் பூங்காவில் இந்நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மடிந்த மரங்கள் 300 கோடிக்கும் அதிகம் என மதிப்பிடப்படுகிறது. பூஞ்சணம் வேரைக் கொல்வதில்லை என்பதால் பழைய அடிமரங்கள் இன்றும் துளிர்க்கின்றன. ஆனால் பெரும்பாலானவை காய்க்கும் பருவத்தை எட்டும் முன்பே பட்டுப்போகின்றன.

இம்மரத்தை மீட்க, சிரகூஸ் நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மற்றும் வனவியல் கல்லூரி திசு வளர்ப்பு முறையை நாடியது. பூஞ்சணம் சுரக்கும் ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கவல்ல கோதுமை மரபணு ஒன்று, முதிராத விதைக் கருவிலிருந்து வளர்க்கப்பட்ட திசுவில் செலுத்தப்பட்டது. அதிலிருந்து பெறப்படும் தளிர்கள், சர்க்கரையும் தாது உப்புகளும் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியும் கலந்த கூழில் பெருக்கப்படுகின்றன.

அதுவரை வேலை எளிது. திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளைக் கண்டு பழகியவர்களுக்கு, செஸ்ட்நட் வேர்விடத் தயங்குவது வியப்பளிக்கலாம். தளிரின் அடிப்பகுதியை ஆக்சின் கரைசலில் நனைத்து வேறு கூழில் நட்டாலும், வேர் வரும் வேளையில் நுனி கருகிவிடுவது உண்டு. வேர்விட்டவையும் உடனடியாக வெளிக்காற்றைத் தாங்குவதில்லை. குடுவையின் ஈரத்தில் வளர்ந்த இலைகளில் மெழுகுப் பூச்சு குறைவு. இலைத்துளைகளும் சரிவர மூடுவதில்லை. ஆகவே கன்றுகள் தொட்டி மண்ணில் நடப்பட்டு, மூடிய பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. ஈரப்பதம் வாரக்கணக்கில், படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. பசுமைக்குடிலும் நிழற்கூடமும் கடந்த பின்னரே நாற்றங்கால். அங்கே மான்களிடமிருந்து காக்க வேலியும் தேவை.

கன்றுகள் அனைத்தும் ஒன்றுபோலத் தோன்றுவதால், அடையாளச் சீட்டும் பதிவேடும் மண்ணுக்கு இணையான முக்கியத்துவம் பெறுகின்றன. 2020ஆம் ஆண்டு அரசின் அனுமதி கோரப்பட்ட "டார்லிங் 58" என்ற வகையின் பெயரில் வளர்க்கப்பட்டு வந்தவை, உண்மையில் "டார்லிங் 54" என்பது 2023இல் தெரியவந்தது. வளர்ச்சியிலும் நோய் எதிர்ப்பிலும் குறைபாடுகள் காணப்பட்டதாகக் கூறி, அமெரிக்க செஸ்ட்நட் அறக்கட்டளை அவ்வாண்டு டிசம்பரில் தனது ஆதரவை விலக்கிக்கொண்டது. அனுமதி கோரும் முயற்சி தொடரும் என்று கல்லூரி அப்போது அறிவித்தது.