மூன்று புலியும் பதினைந்து ஆடும்

ஆடுபுலி ஆட்டத்தில் இரு தரப்பும் சமமல்ல. ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள். உச்சிப் புள்ளியிலிருந்து 4 கோடுகள் விரிந்து அடிக்கோட்டில் முடியும்; இடையில் நடுக்கோடுள்ள ஒரு செவ்வகம் அவற்றை வெட்டும். மொத்தம் 23 சந்திகள். தமிழகக் கோயில்களின் கல்தளங்களில் இந்தக் கட்டம் செதுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய நூலில், சிங்களக் கிராமங்களின் ஆட்டங்களையும் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்று, இதே வகையைச் சேர்ந்த ‘தெமள திவியன் கெளிய’, அதாவது தமிழர் சிறுத்தையாட்டம். ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதை ஆடியவர்கள் மறக்கவில்லை என்பதற்கு அந்தப் பெயரே நல்ல சான்று. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறந்தபின், தமிழகத்திலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் பொல்காவலை, ரம்புக்கனை வழியாக மலையேறினர். கரித்துண்டும் கூழாங்கற்களும் போதும் என்பதால், அவர்கள் குடியிருந்த எந்த லயத்து வாசலிலும் ஆடக்கூடிய ஆட்டம் ஆடுபுலி.

புலிகள் உச்சியிலும் அதன் கீழ் இரு சந்திகளிலும் நிற்கும். ஆடுகள் ஒவ்வொன்றாக இறங்கும். 15உம் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக்கூடாது. ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலிச் சந்தி இருந்தால் புலி பாய்ந்து அதை வெட்டும். ஆகவே புதிதாகப் பழகுபவர் ஆடுகளை முதலில் ஓரங்களில் வைக்க வேண்டும். ஓரத்துக்கு அப்பால் புலி இறங்க இடமில்லை. பிறகு ஒன்றுக்குப் பின் ஒன்றாக அணைத்து நகர்த்தி, மூன்று புலிகளையும் அசையவிடாமல் அடைத்தால் ஆட்டுக்காரருக்கே வெற்றி.