கோடைக்கால மடலும் ஆசிரியர் பணியும்: ஐக்கிய அமெரிக்கப் பள்ளி வட்டார வரலாற்றின் ஒரு கூறு

ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் பொதுப் பள்ளிகளை நடத்தும் வட்டார நிருவாகங்கள் ஊராருக்கு ஒரு மடல் வெளியிடுவது வழக்கம். பள்ளிக் கூரை செப்பனிடப்படுவது, பேருந்துத் தடம் மாறுவது, கோடைக்கால வாசிப்புத் திட்டம் முதலிய செய்திகளுக்குப் பின், ஆசிரியர் பணி மாற்றங்கள் என்னும் பகுதி இடம்பெறும். புதிதாகச் சேர்ந்தோர், பதவி உயர்வு பெற்றோர், ஓய்வு பெற்றோர், விலகியோர் எனப் பெயர்கள் வரிசையாக அமையும். இலக்கியச் சுவையோ கருத்துச் செறிவோ அற்ற இப்பட்டியலை வரலாற்று மாணவர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஓர் ஊர் தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுதியானவர் என யாரை ஏற்றது, யாரை விலக்கியது என்பதற்கு இதனைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. அப்பட்டியல் ஏன் கோடையில் அமைகிறது என்பதையும், அதில் இடம்பெறாது போன பெயர்கள் எவை என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முதலில் பள்ளி வட்டாரம் என்னும் அமைப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். மலேசிய, சிங்கை வாசகர்களுக்கு ஆசிரியர் நியமனம் என்றால் கல்வி அமைச்சே நினைவிற்கு வரும். அமெரிக்க அரசியலமைப்பிலோ கல்வி என்னும் சொல்லே இடம்பெறவில்லை. அப்பொறுப்பு மாநிலங்களுக்கு உரியது. மாநிலங்கள் அதனைப் பெரும்பாலும் ஊர்களிடம் ஒப்படைத்தன. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் 1647-ஆம் ஆண்டுச் சட்டம், 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதவும் படிக்கவும் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் எனப் பணித்தது. குடியிருப்புகள் பரவியபோது, 1789-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்கள் தம்மைச் சிறு வட்டாரங்களாகப் பிரித்துக்கொள்ள இசைவளித்தது. ஒரு வட்டாரம் என்பது பெரும்பாலும் ஓர் அறைப் பள்ளி ஒன்றே. அம்மாநிலக் கல்வி வாரியத்தின் முதற் செயலாளராக 1837-இல் பொறுப்பேற்ற ஹோரஸ் மான், அச்சட்டத்தைத் தம் மாநிலப் பொதுப் பள்ளிகளுக்கு நேர்ந்த பெருங்கேடாகவே கருதினார். எனினும் அவ்வமைப்பு நாடெங்கும் பரவியது. 1930-களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறத்தாழ 1,27,000 பள்ளி வட்டாரங்கள் இருந்தன. தொடர்ந்த இணைப்புகளின் விளைவாக இன்று அவை ஏறத்தாழ 13,000 ஆகக் குறைந்துள்ளன.

இத்துணைச் சிறிய அமைப்பில் ஆசிரியரை அமர்த்துவதும் நீக்குவதும் அண்டை வீட்டாரின் கையில் இருந்தன. ஆசிரியர் மாணவர்தம் வீடுகளில் முறைவைத்துத் தங்கி உண்டார். அவர்தம் ஒப்பந்தம் ஒரு பருவத்திற்கு, அதாவது இரண்டு முதல் நான்கு மாதங்களுக்கு உரியது. அடுத்த பருவத்திற்கு மீண்டும் அழைக்கப்படுவாரா என்பது உறுதியில்லை. மலாயாவில் தோட்ட நிருவாகத்தின் விருப்பத்தை நம்பியிருந்த அக்காலத் தோட்டப் பள்ளி ஆசிரியரின் நிலையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. அங்கே ஒரு துரை. இங்கே ஊரார் பலர் என்பதே வேறுபாடு.

இனிக் கோடைக்கு வருவோம். பயிர்த்தொழிலுக்குப் பிள்ளைகளின் உதவி தேவைப்பட்டதால்தான் அமெரிக்கப் பள்ளிகளில் நீண்ட கோடை விடுமுறை தோன்றியது என்னும் கருத்து அந்நாட்டிலேயே பரவலாக நிலவுகிறது. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளிலும் இதனைக் கேட்டதுண்டு. இது பிழையான கருத்தாகும். விதைப்பு இளவேனிலிலும் அறுவடை இலையுதிர் காலத்திலும் நிகழ்ந்தன. ஆதலால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாட்டுப்புறப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவமும் கோடையில் ஒரு பருவமுமாக நடைபெற்றன. கோடையில் பள்ளி திறந்திருந்தது என்பதே உண்மை. நகரங்களிலோ பள்ளிகள் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இயங்கின. 1840-களில் நியூயார்க், டெட்ராய்ட் போன்ற நகரங்களின் பள்ளியாண்டு 240 நாளுக்கும் மேற்பட்டது.

நீண்ட கோடை விடுமுறை இவ்விரு வழக்கங்களுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு எனலாம். நகரப் பள்ளிகள் தம் ஆண்டைச் சுருக்கிக்கொண்டன. நாட்டுப்புறப் பள்ளிகள் பிற பருவங்களை நீட்டிக் கோடைப் பருவத்தைக் கைவிட்டன. வெப்பம், தொற்றுநோய் அச்சம், வசதி படைத்தோர் நகரைவிட்டு வெளியேறியமை ஆகியன ஒருபுறம் இருந்தன. அளவுக்கு மீறிய படிப்பு மூளையைக் கெடுக்கும் என்னும் அக்கால மருத்துவ நம்பிக்கை மறுபுறம் இருந்தது. அமரையா பிரிகாம் என்னும் மருத்துவர் 1832-இல் வெளியிட்ட நூல் இந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. நாடு முழுமைக்குமான சராசரிப் பள்ளியாண்டு 1870-இல் 132 நாளாகவும், 1900-இல் 144 நாளாகவும், 1930-இல் ஏறத்தாழ 173 நாளாகவும் அமைந்தது. இப்புள்ளிகள் நாட்டுப்புறப் பள்ளியாண்டின் வளர்ச்சியைப் பெரிதும் காட்டுவன.

கைவிடப்பட்ட அக்கோடைப் பருவத்திற்கு வேறொரு சிறப்பு உண்டு. குளிர்காலப் பருவத்தில் வயல்வேலை இல்லாத பெரிய ஆண்பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். அவர்களை அடக்க ஆடவரே வேண்டும் என ஊரார் எண்ணினர். கோடையில் வந்தோர் சிறுபிள்ளைகளும் பெண்பிள்ளைகளும். அவர்களுக்குக் கற்பிக்கப் பெண்கள் போதும் எனக் கருதப்பட்டது. இந்தப் ‘போதும்’ என்னும் எண்ணமே அமெரிக்கப் பெண்களுக்குப் பொதுப்பள்ளியின் வாயிலைத் திறந்துவிட்டது. ஆடவர் ஊதியத்தில் ஏறக்குறைய பாதியோ அதற்கும் குறைவோ அவர்களுக்கு வழங்கப்பட்டது. கோடையில் அவர்கள் நன்கு கற்பித்ததைக் கண்ட ஊரார், சிக்கனத்தையும் கருதி, குளிர்காலப் பருவத்தையும் அவர்களிடம் ஒப்படைக்கலாயினர். 1900-இல் ஆசிரியருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரும், 1920-இல் ஏறத்தாழ 86 விழுக்காட்டினரும் பெண்களே.

பிள்ளைகள் கோடையில் வீட்டிற்குச் சென்றபின் அப்பருவம் ஆசிரியருக்கு உரியதாயிற்று. 1839-இல் ஹென்றி பார்னர்டு கனெக்டிகட் மாநில ஹார்ட்ஃபோர்டில் 26 ஆசிரியர்களைக் கூட்டி நடத்திய இலையுதிர்காலப் பயிலரங்கின் மாதிரி நாடெங்கும் பரவியது. பின்னர் அத்தகைய பயிற்சி பெரிதும் கோடைக்கு மாறியது. 1873-ஆம் ஆண்டுக் கோடையில் இயற்கையியலறிஞர் லூயி அகாசி, மாசச்சூசெட்ஸ் கரையோரப் பெனிக்கீஸ் தீவில் ஆண், பெண் ஆசிரியர் இருபாலாருக்கும் ஒருங்கே வகுப்பு நடத்தினார். மறு ஆண்டு, நியூயார்க் மாநிலத்தின் ஷட்டாக்குவா ஏரிக்கரையில் ஞாயிறுப் பள்ளி ஆசிரியர்களுக்கெனத் தொடங்கிய கூட்டம் பெரும் கல்வி இயக்கமாக வளர்ந்தது. ஊதியமில்லாத மாதங்களில் தம் செலவில் கற்கச் சென்ற அப்பெண்களின் உழைப்பு அமெரிக்கக் கல்வி வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை என்பது எம் கருத்து.

அதே கோடையில்தான் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. பருவ ஒப்பந்தம் ஆண்டு ஒப்பந்தமாக மாறியபோது, ஒரு பள்ளியாண்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் உள்ள இடைவெளியே ஊழியர் பட்டியலை வகுக்கும் காலமாயிற்று. பெரும்பாலான மாநிலங்களில் வட்டாரத்தின் நிதியாண்டும் ஜூலை முதல் நாளில் தொடங்குவது இதனை உறுதிப்படுத்தியது. ஆசிரியரை ‘நீக்க’ வேண்டுவதில்லை. புதுப்பிக்காமல் விட்டாலே போதும். காரணம் கூறவும் தேவையில்லை.

திருமணமான பெண்கள் இம்முறையால் பெரிதும் பாதிக்கப்பட்டனர். 1928-இல் தேசியக் கல்விச் சங்கம் எடுத்த கணிப்பின்படி, நகர வட்டாரங்களில் 61 விழுக்காடு திருமணமான பெண்களைப் புதிதாக அமர்த்துவதில்லை. 52 விழுக்காடு, பணியிலிருக்கும்போது மணம் புரிந்தவரை வைத்துக்கொள்வதில்லை. பொருளாதார மந்தத்திற்குப் பின், 1942-இல் இவை முறையே 87, 70 விழுக்காடாக உயர்ந்தன. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 1872-ஆம் ஆண்டு ஆசிரியர் விதிகள் எனப் பெயரிட்ட ஒரு பட்டியல் பல அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. ஒவ்வோர் ஊரும் அதனைத் தன் பள்ளிக்குரியது என்கிறது. அதற்கு மூல ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை. நம் ஆசிரியர்களும் மேடைகளில் அதனை எடுத்துக்காட்டுவதுண்டு. மேற்கூறிய கணிப்பு இருக்க, ஐயத்திற்குரிய பட்டியலை நாட வேண்டிய தேவையில்லை. திருமணத் தடை 1940-கள், 50-களில் தளர்ந்தபின்னும் மகப்பேற்றுத் தடை நீடித்தது. கருவுற்ற ஆசிரியை ஐந்து மாதங்களுக்கு முன்பே ஊதியமின்றி விலக வேண்டும் என்ற கிளீவ்லாந்து வாரியத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 1974-இல்தான் செல்லாததாக்கியது.

இந்நிலையைத் தடுக்க எழுந்ததே பணி நிலைப்பேற்றுச் சட்டம். 1909-இல் நியூ ஜெர்சி மாநிலம் இதற்கு வழிகாட்டியது. ஆனால் பல தென் மாநிலங்களில் ஆண்டு ஒப்பந்தமே நிலைத்தது. அதன் முழுக் கொடுமை 1954-க்குப் பின் வெளிப்பட்டது.

அவ்வாண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் பிரௌன் வழக்கில் இனவாரிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. மாணவர் பற்றிய தீர்ப்பு அது. ஆசிரியர் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. வழக்குக்குரிய ஊரான கான்சஸ் மாநில டொபீகாவில், தீர்ப்புக்கு ஓராண்டு முன்னரே, 1953 மார்ச்சில், கல்விக் கண்காணிப்பாளர் கறுப்பின ஆசிரியை ஒருவருக்கு மடல் எழுதினார். இனப்பிரிவினை செல்லாது என நீதிமன்றம் கூறினால், வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கக் கறுப்பினத்தவரை அமர்த்துவதை ஊரில் பெரும்பாலோர் விரும்பமாட்டார்கள் என்று வாரியம் கருதுவதால், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் உறுதியில்லை என்பது அதன் சாரம். மடலின் நடையில் சினமில்லை, பணிவுகூட உண்டு. அதுவே படிப்போர் மனத்தை உறுத்துகிறது.

மிசூரி மாநில மோபர்லி வட்டாரத்தில் 1955-இல் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது, கறுப்பின ஆசிரியர் பதினொருவருள் ஒருவரது ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. அவர்கள் வழக்குத் தொடுத்தனர். தகுதியையே ஒப்பிட்டோம், நிறத்தையன்று என வாரியம் வாதிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1959-இல் அதனை ஏற்றது. 1954-க்கும் 1965-க்கும் இடையே 17 மாநிலங்களில் ஏறத்தாழ 38,000 கறுப்பின ஆசிரியரும் தலைமையாசிரியரும் பணியிழந்தனர் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பிள்ளைகளுக்குக் கிடைத்த நீதியின் விலையை அவர்தம் ஆசிரியர்கள் செலுத்தினர்.

அவர்களோடு ஒருங்குவைத்து நோக்கத்தக்கவர் செப்டிமா கிளார்க். 1898-இல் தென் கரோலினா மாநிலச் சார்ல்ஸ்டனில் பிறந்த அவர், 1916-இல் அருகிலுள்ள ஜான்ஸ் தீவில் ஆசிரியையானார். சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளின் பொதுப் பள்ளிகளில்கூடக் கறுப்பினத்தவர் அப்போது அமர்த்தப்படவில்லை. அதனை எதிர்த்து 1919-இல் வீடு வீடாகக் கையொப்பம் திரட்டியோருள் அவரும் ஒருவர். 1954-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் டென்னசி மாநில ஹைலாண்டர் பள்ளியின் பயிலரங்கிற்குச் சென்றார். மறு கோடையில் அவரே அங்குப் பயிலரங்கு நடத்தினார். அதில் கலந்துகொண்டோருள் ரோசா பார்க்ஸும் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்கோமரிப் பேருந்தில் நிகழ்ந்ததை யாவரும் அறிவர். விடுமுறைக் காலத்தில் ஆசிரியர் தம்மைப் பயிற்றிக்கொள்ளும் நூற்றாண்டு மரபு இங்கு எதிர்பாராத பயன் விளைத்தது எனலாம்.

1956-இல் தென் கரோலினா சட்டமன்றம், கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் உறுப்பினர் எவரும் அரசுப் பணியில் இருத்தல் ஆகாது எனச் சட்டமியற்றியது. செப்டிமா தம் உறுப்பியத்தை மறைக்கவில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டுப் பணிக்குப் பின் அவரது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை, ஓய்வூதியமும் பறிக்கப்பட்டது. அவர் ஹைலாண்டர் பள்ளியில் முழுநேரப் பணியேற்றார். 1957-இல் ஜான்ஸ் தீவில் தொடங்கிய குடிமைப் பள்ளிகள், வாக்குரிமைத் தேர்வுக்கு எழுத்தறிவு தேவைப்பட்ட முதியோருக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தன.

ஓய்வூதியத்திற்காக அவர் நீண்ட காலம் போராடினார்; 1970-களில் அது மீட்கப்பட்டது. அதே காலத்தில் சார்ல்ஸ்டன் கவுண்டிப் பள்ளி வாரியத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரு தவணை உறுப்பினராக வீற்றிருந்தார். ஆசிரியர் நியமனங்களுக்கு ஒப்புதல் அளிப்பது அத்தகைய வாரியங்களின் கடமைகளுள் ஒன்றாகும்.